பழைய அறுவடை வண்டியா? சூடேறட்டும், பிறகு பேரம் பேசலாம்

பழைய நெல் அறுவடை இயந்திரம் வாங்குவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 18 ஏக்கர், குறுவை, சம்பா என்று இரண்டு போகம். அக்கம்பக்கத்தில் 60 ஏக்கர் வரை அறுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் பழைய பெல்ட் வண்டி ஒன்று 12 லட்சத்துக்கு வருகிறது. வாங்கலாமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 லட்சத்துக்கு வாங்கி, ஐந்து வருடம் ஓட்டி, 5 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருடத்துக்கு 1.4 லட்சம். போட்ட பணத்துக்கு 12 சதவீத வட்டி வைத்தால், சராசரியாக வருடத்துக்கு ஒரு லட்சம். பழைய வண்டிக்குப் பழுது, பெல்ட், பேரிங் வகையில் வருடம் ஒன்றரை லட்சமாவது ஒதுக்க வேண்டும். இதற்குக் கீழே கணக்குக் காட்டுகிற புரோக்கரை நம்ப வேண்டாம். ஆக, வண்டி ஷெட்டில் நின்றாலும் வருடத்துக்கு 3.9 லட்சம் செலவு.

ஓடினால் மணிக்கு 9 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்றால் 837 ரூபாய். டிரைவர், உதவியாள் கூலியோடு 1,150 என்று வையுங்கள். வாடகை மணிக்கு 2,500 கிடைத்தால் கையில் நிற்பது 1,350. 3.9 லட்சத்தை 1,350-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 290 மணி நேரம். உங்கள் 78 ஏக்கரை இரண்டு போகமும் அறுத்தால் 156 ஏக்கர். திரும்புதல், நெல் இறக்குதல் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். மொத்தம் 170 மணி. இன்னும் 120 மணி நேர வேலை வெளியூரில் பிடிக்க முடியுமா, அதற்கு லாரியில் ஏற்றி இறக்கும் செலவைத் தாங்குமா என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை. முடியாது என்றால் இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குங்கள், இல்லையேல் வாடகைக்கே அறுங்கள். உங்கள் ஊர் வாடகையையும் டீசல் விலையையும் போட்டு இதே கணக்கை ஒரு முறை செய்துவிடுங்கள்.

கணக்கில் வராத ஒன்று உண்டு. ஐப்பசி மழையில் குறுவை சாய்ந்து கிடக்கும்போது வாடகை வண்டிக்காக நான்கு நாள் காத்திருந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அந்த நட்டத்தை அடிக்கடி பார்க்கிற பகுதி என்றால் 290 மணி என்பதில் கொஞ்சம் குறைந்தாலும் வாங்கலாம்.

கேள்வி: டயர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது. பெல்ட் வண்டிக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?
– ஒரத்தநாடு வாசகர்

பதில்: உங்கள் வயலின் அடிமண்தான் இதை முடிவு செய்யும். பஞ்சாப் பக்கத்திலிருந்து வரும் 14 அடி கட்டர் டயர் வண்டி எட்டு டன்னை ஒட்டி எடை உள்ளது. கோடைப் பட்டத்தில், தரை இறுகிய பெரிய வயலில் அது ஒரு மணி நேரத்தில் அறுப்பதைப் பெல்ட் வண்டி தொட முடியாது. அதே வண்டி களிமண் வயலில் மழைக்குப் பிறகு இறங்கினால், அதை வெளியே இழுக்க இரண்டு டிராக்டர் தேடுவீர்கள்.

பெல்ட் வண்டி மூன்று டன். 45 செ.மீ. அகல பெல்ட் 160 செ.மீ. நீளத்துக்குத் தரையில் படிந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 14,400 சதுர செ.மீ. அதாவது சதுர செ.மீட்டருக்கு 0.21 கிலோ. நடக்கிற மனிதனின் ஒற்றைக் காலடி இதைவிட அதிகமாக அழுத்தும். நெல் டேங்க் நிறைந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். டயர் வண்டியில், கதிரடிக்கும் டிரம் குறுக்காகவும் அதன் பின்னால் வைக்கோல் உதறும் படிகளும் இருப்பதால் வைக்கோல் ஓரளவு நீளமாகவே விழும். பெல்ட் வண்டியின் டிரம் நீளவாக்கில் இருக்கும். தாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துதான் வெளியேறும் என்பதால் வைக்கோல் நசுங்கித் துண்டாகிவிடும். பேலர் வைத்துக் கட்டலாம். ஆனால் போர் போட உதவாது.

மணற்பாங்கான மேட்டு நிலம், ஒரே மட்டமாக அரை ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள், கோடையில் மட்டும் அறுப்பு என்றால் டயர் வண்டியே போதும். மா என்ற சிறு நில அளவுக் கணக்கில் துண்டு துண்டாக வரப்பு இருக்கும் டெல்டாவில் 14 அடி கட்டரைத் திருப்பவே நேரம் போய்விடும்.

கேள்வி: மீட்டர் 1,900 மணி என்று காட்டுகிறது. நம்பலாமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: மீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டால் அது நின்றுவிடும். புது மீட்டர் மாட்டுவதும் கடினமான வேலை அல்ல. மீட்டரை விட்டுவிட்டு, மாற்ற மறந்தவற்றைப் பாருங்கள்: கியர் லீவர் குமிழின் எழுத்து அழிந்திருக்கிறதா, பெடல் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, டிரைவர் ஏறும் படியின் பள்ளம் மழுங்கிவிட்டதா, கவர்களின் கீல் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டதா. நெல் இறக்கும் குழாய் திரும்பும் இடத்தில் ஆட்டம் எவ்வளவு? புதுப் பெயின்ட் அடித்த வண்டி என்றால், பெயின்ட் எட்டாத இடத்தில் குனிந்து பாருங்கள். டேங்கின் அடி, நெல்லைத் தள்ளும் திருகான கீழ் ஆகரின் தொட்டி, டிரம்முக்குக் கீழே உள்ள தகடு. உப்புக் காற்றும் ஈர வைக்கோலும் சேர்ந்த கடலோர வண்டிகளில் இந்தத் தகடுகள்தான் முதலில் போகும். ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போகிற தகட்டைப் பெயின்ட் மறைத்திருக்கும்.

கேள்வி: பெல்ட் வண்டியில் பெரிய செலவு வைப்பது எது? வாங்குவதற்கு முன் அதை எப்படிச் சோதிப்பது?
– பட்டுக்கோட்டை, பேராவூரணி வாசகர்கள்

பதில்: இரண்டு: அடிப்பகுதி, ஆயில் அழுத்தத்தால் வண்டியை நகர்த்தும் எச்.எஸ்.டி. இன்ஜினைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை. வண்டியின் விலையை இறக்குவதும் இவைதான்.

முதலில் ரப்பர் பெல்ட். கட்டைகள், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் சேற்றில் வழுக்கும். ஆனால் அதைவிடப் பெரிய குறை உள்பக்கத்தில் இருக்கும். பெல்ட்டுக்குள் புதைத்த இரும்புத் துண்டுகளில்தான் ஸ்பிராக்கெட் பல் மாட்டி இழுக்கிறது. அவை தேய்ந்தோ, ஆடியோ, ஒன்றிரண்டு கழன்றோ இருந்தால் திருப்பத்தில் பெல்ட் துள்ளி வெளியே வந்துவிடும். பெல்ட்டின் ஓரத்தில் சின்னக் கிழிசல் பரவாயில்லை. வெட்டு ஆழமாகி உள்ளே கம்பி இழை தெரிந்தால் பெல்ட்டைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். தண்ணீர் புகுந்து கம்பி துருவேறி, பருவத்தின் நடுவில் திடீரென்று அறுந்துபோகும். டென்ஷன் போல்ட் எவ்வளவு மீதி இருக்கிறது என்றும் பாருங்கள். கடைசி மரை வரை முறுக்கியிருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது, இனி இறுக்க இடமில்லை.

ஸ்பிராக்கெட் பல் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புது பெல்ட் போட்டால் பெல்ட் சீக்கிரம் போய்விடும். பிறகு ரோலர்கள். பலகை வைத்து, சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். முட்டு வைக்காமல் அடியில் கை நீட்ட வேண்டாம். பெல்ட்டைத் தளர்த்தி ஒவ்வொரு ரோலரையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம், பக்கவாட்டு ஆட்டம், ஆயில் கசிவு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சீல் போய்ச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எத்தனை ரோலர் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ரோலர் தாங்கி சேஸிஸில் பற்றும் இடத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் அதைச் சுற்றிப் புது விரிசல் ஓடுகிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

இனி எச்.எஸ்.டி. பம்ப் ஆயிலை அழுத்துகிறது, அந்த ஆயில் மோட்டாரைச் சுற்றுகிறது. வண்டி நகர்வது இந்த ஆயில் அழுத்தத்தால். உள் பாகங்கள் தேய்ந்தால் ஆயில் இடுக்கு வழியே நழுவிவிடும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது இந்த நழுவல் தெரியாது. சூடேறி இளகிய பிறகுதான் வெளிப்படும். ஷெட்டில் முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது இதனால்தான்.

ஒரு மணி நேரம் நெல்லில் அறுத்த பிறகு, இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, ஏற்றமான ஒரு வண்டிப்பாதையில் ஏற்றச் சொல்லுங்கள். பின்பக்கமாகவும் ஒரு முறை. இன்ஜின் சத்தம் மாறாமல் வண்டி மட்டும் தளர்ந்தால் எச்.எஸ்.டி. நழுவுகிறது. இன்ஜினே முனகி இறங்கினால் குறை இன்ஜினில். முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் ஏறுகிறது, சத்தமும் சீராக இருக்கிறது என்றால் நல்லது. லீவரை நியூட்ரலில் வைத்தும் வண்டி ஊர்ந்தால், அது லிங்க் கம்பி சரிசெய்வதோடு முடிகிற சின்ன விஷயமாகவும் இருக்கலாம், உள் தேய்மானமாகவும் இருக்கலாம். சரிசெய்து காட்டச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயிலைத் தொட்டு முகருங்கள். கருகிய வாடை வந்தால் சூடு மீறி ஓடிய வண்டி. பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விற்பவர் ஒத்துக்கொண்டால் எச்.எஸ்.டி. ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பார்ப்பதுதான் சிறந்த சோதனை. மடிப்புக்குள் பித்தளை நிறத்தில் துகள் மின்னினால் பம்ப்போ மோட்டாரோ தேய ஆரம்பித்துவிட்டது. புது ஃபில்டருக்கு நீங்களே பணம் கொடுங்கள், தவறில்லை.

கடைசியாக, சமதரையில் லீவரைத் தொடாமல் நேராக ஓடவிடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் பெல்ட் இறுக்கம் சமமாக இல்லை, அல்லது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் திருப்பும் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இறுக்கத்தைச் சமன் செய்தும் இழுத்தால் பின்னதுதான். இடமும் வலமும் ஒரே அளவு லீவருக்கு ஒரே அளவு திரும்ப வேண்டும்.

கேள்வி: இன்ஜின்?
– பாபநாசம் வாசகர்

பதில்: விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வெண்புகை விடுவது இயல்பு. சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அறுக்கும்போது கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் இன்ஜெக்டர், டர்போ பக்கம் போக வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினை உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். புதிய மாசு விதிகளுக்குப் பின் வந்த காமன் ரெயில் இன்ஜினுக்கு ஸ்கேனர் வேண்டும், சுத்தமான டீசல் வேண்டும். கேனில் டீசல் வாங்கி வயலில் ஊற்றுகிற பழக்கத்தை அது மன்னிக்காது.

கேள்வி: வயலில் இறக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். இறக்கி என்ன பார்ப்பது? அறுக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதானே?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: அறுப்பதை எல்லா வண்டியும் அறுக்கும். எவ்வளவு நெல்லைத் தரையில் விடுகிறது என்பதை அளக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டம், அல்லது நான்கு மீட்டர் கயிறும் நான்கு குச்சியும் கொண்டு போங்கள்.

அறுப்பதற்கு முன், நிற்கிற பயிருக்குள் சட்டத்தை வைத்து, தானாக உதிர்ந்த மணிகளை எண்ணுங்கள். பிறகு வண்டி நிதானமான வேகத்தில் 20 மீட்டராவது அறுத்த பின் சட்டென்று நிறுத்தச் சொல்லி, மூன்று மீட்டர் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். இப்போது வண்டிக்கு முன்னால், அறுத்த தாள் மட்டும் தெரிகிற, வைக்கோல் விழாத ஓர் இடம் கிடைக்கும். அங்கே எண்ணிய மணியிலிருந்து தானாக உதிர்ந்ததைக் கழித்தால் வருவது கட்டரும், பயிரை அதன் பக்கம் சாய்க்கும் ரீலும் விட்ட நெல். மூன்றாவதாக, வண்டிக்குப் பின்னால் வைக்கோல் விழுந்த வரிசையில் சட்டத்தை வைத்து, வைக்கோலை உதறிவிட்டு எண்ணுங்கள். உதிரி மணி தனியாக, கதிரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் மணி தனியாக. அந்த உதிரி மணியிலிருந்து, வண்டிக்கு முன்னால் எண்ணிய மொத்தத்தைக் கழித்துவிட வேண்டும்; தானாக உதிர்ந்ததும் அதிலேயே அடங்கும்.

1,000 மணி 20 கிராம் எடையுள்ள ரகம் என்றால் 50 மணி ஒரு கிராம். சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்பது ஏக்கருக்கு நான்கு கிலோ. ஏக்கருக்கு 40 மூட்டை, 60 கிலோ வீதம் 2,400 கிலோ விளைகிற வயலில் ஒரு சதவீதம் 24 கிலோ; சதுர மீட்டருக்கு 6 கிராம், 300 மணி. பி.பி.டி. போன்ற சன்ன ரகத்தில் 1,000 மணி ஏறக்குறைய 15 கிராம்தான் இருக்கும், ஆகவே அதே எடைக்கு 400 மணி. வைக்கோல் வரிசையில் எண்ணியதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மீட்டர் அகலத்தில் அறுத்த நெல்லின் கழிவு ஒரு மீட்டர் அகலத்தில் குவிந்திருக்கிறது, பாதியாக்குங்கள். எல்லாம் சேர்த்து மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம்.

எண்ணிக்கை கூடினாலும் பயந்துவிட வேண்டாம், எங்கே கூடுகிறது என்பதுதான் முக்கியம். கட்டர் பக்கம் கூடினால் கத்தி மழுங்கியிருக்கும், கத்திக்குக் காப்பான விரல் வளைந்திருக்கும், அல்லது டிரைவர் ரீலை வேகமாகச் சுற்றிக் கதிரை அடிக்கிறார். இது மலிவான குறை. கதிரில் ஒட்டிய மணி கூடினால் டிரம் வேகம் குறைவு அல்லது டிரம் பல்லின் முன்முனை தேய்ந்துவிட்டது. டிரம் மூடியைத் திறந்து ஒரு புதுப் பல்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பல் மாற்றும்போது எதிரெதிர்ப் பல்லை ஜோடியாக, ஒரே எடையில் மாற்ற வேண்டும். இல்லையென்றால் டிரம் அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். உதிரி மணி வைக்கோலோடு போனால் டிரம்முக்கு அடியில் உள்ள கான்கேவ் சல்லடை அடைந்திருக்கலாம், மேல் மூடியில் தாளைத் தள்ளும் வழிகாட்டித் தகடு வளைந்திருக்கலாம், விசிறிக் காற்று கூடியிருக்கலாம். வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் திருகிச் சரிசெய்கிற குறை அல்ல, பாகம் தேய்ந்திருக்கிறது.

வெயில் ஏறி, பனி காய்ந்த பிறகு சோதியுங்கள். காலை எட்டு மணிக்கு ஈரத்தாளில் எந்த வண்டியும் மோசமாகத்தான் அறுக்கும். சாய்ந்த பயிர் ஒரு மூலையில் இருந்தால் அதையும் அறுக்கச் சொல்லுங்கள். மழையில் பயிர் சாய்கிற பகுதியில் இருப்பவர்கள் அதைத்தான் அறுக்கப் போகிறார்கள்.

நிறுத்திய உடனே, சாவியை எடுத்து எல்லாம் ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு பேரிங் கூட்டையும் புறங்கையால் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் அது அடுத்த வாரம் நிற்கப்போகிற இடம்.

கேள்வி: கொள்முதல் நிலையத்தில் தூசி, கருக்காய் என்று திருப்பிவிடுகிறார்கள். அரிசியாக உரிந்த மணியும் வருகிறது. இது வண்டிக் குறையா, டிரைவர் குறையா?
– வலங்கைமான் வாசகர்

பதில்: கருக்காயும் பதரும் வந்தால் பெரும்பாலும் காற்றும் சல்லடையும் சரியாக வைக்கப்படவில்லை. நெல் போகிறது என்று பயந்து டிரைவர் காற்றைக் குறைத்திருப்பார். விசிறி பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் இதே விளைவு. கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம், மண் கல் ஒரு சதவீதம், பதர் போன்ற பிற பொருள் ஒரு சதவீதம், முதிராத சுருங்கிய மணி 3 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. டேங்கிலிருந்து ஒரு கிலோ எடுத்து முறத்தில் புடைத்து, பதரை மட்டும் நிறுத்துப் பாருங்கள். 10 கிராம் தாண்டினால் திருத்த வேண்டும்.

உரிந்த அரிசி வேறு விஷயம். 200 மணியில் நாலைந்துக்கு மேல் இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. டிரம் அளவுக்கு மீறிச் சுற்றுகிறது, அல்லது நெல்லை மேலேற்றும் ஆகரின் திருகு தேய்ந்து, குழாய்ச் சுவருக்கும் அதற்கும் நடுவில் மணி அரைபடுகிறது. பிரித்தறிய வழி எளிது. அறுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கீழ் ஆகரின் சுத்தம் செய்யும் மூடியைத் திறந்து ஒரு பிடி நெல் எடுங்கள். டேங்கிலிருந்து இன்னொரு பிடி. கீழே எடுத்ததில் உரிந்த மணி இல்லை, மேலே எடுத்ததில் இருக்கிறது என்றால் ஆகர். இரண்டிலும் இருந்தால் டிரம். ஆகர் திருகின் ஓரம் கத்திபோல் மெலிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஈரம் 20 முதல் 22 சதவீதத்தில் அறுப்பது நல்லது. 16-க்குக் கீழே காயவிட்டு அறுத்தால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மில்லில் நொய் கூடும்.

கேள்வி: ஆத்தூரில் ஒரு புரோக்கர் பஞ்சாப் பதிவெண் உள்ள டயர் வண்டியைக் காட்டுகிறார். பேப்பர் பிறகு வரும் என்கிறார்.
– தலைவாசல் வாசகர்

பதில்: பேப்பர் வந்த பிறகு பணம் என்று சொல்லுங்கள். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் தேய்ப்போ கனமான பெயின்டோ இருந்தால் விலகிவிடுங்கள். கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும், கடன் நீக்கத்துக்கான படிவம் 35-ம் தேவை. வேறு மாநிலப் பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டாலே அடிப்படை விவரம் தெரிந்துவிடும்.

லாரியிலேயே போய்வரும் பெல்ட் வண்டியை ஆர்.சி. இல்லாமல் பில்லை மட்டும் காட்டி விற்பார்கள். அப்படியானால் அசல் பில், முந்தைய விற்பனை ஒப்பந்தங்கள் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். அரசு மானியத்தில் வாங்கிய வண்டியா என்று கேளுங்கள். மானிய வண்டிக்குக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: நெல் வண்டியை வைத்தே மக்காச்சோளமும் அறுக்கலாம் என்று விற்பவர் சொல்கிறார்.
– பெரம்பலூர் வாசகர்

பதில்: கட்டரை மட்டும் வைத்து அறுத்தால் முழுத் தட்டையும் டிரம்முக்குள் போகும், கதிர் பாதி வெளியே விழும், இன்ஜின் திணறும். 60 செ.மீ. வரிசைக்கு ஏற்றபடி கதிரை மட்டும் பறிக்கும் மக்காச்சோள ஹெட்டர், டிரம் வேகத்தைக் குறைக்கும் புல்லி, இடைவெளி அதிகமுள்ள கான்கேவ், பெரிய கண் சல்லடை, இந்த நான்கும் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளரிடமே கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் அவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். இல்லையென்றால் விற்பவர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

கேள்வி: சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளிக்கிறோம். வண்டி இறங்கினால் முளை நசுங்கிப் போகிறது. எந்த வண்டி நல்லது?
– கீழ்வேளூர் வாசகர்

பதில்: பெல்ட் வண்டிதான். ஆனாலும் சேதம் இருக்கும், அதைக் குறைக்கத்தான் முடியும். நெல் அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிப்பது வழக்கம். நேராகப் பெல்ட் ஓடும் இடத்தை விட, வண்டி நின்ற இடத்தில் திரும்பும்போதுதான் முளையும் மண்ணும் அதிகம் பிய்கிறது. திருப்பத்தை வயலின் இரண்டு தலைமாட்டில் மட்டும் வையுங்கள், அங்கே உளுந்தை அறுப்புக்குப் பிறகு தெளித்துக்கொள்ளலாம். டிராக்டர் டிரெய்லரை வயலுக்குள் விடாமல் வரப்போரம் நிறுத்தி அங்கே நெல்லை இறக்குங்கள். தாளைச் சற்று உயரமாக விட்டு அறுத்தால் கத்தி முளையைத் தொடாது, வைக்கோல் அளவும் குறையும். வைக்கோல் வரிசையை மறுநாளே அப்புறப்படுத்தாவிட்டால் அதன் அடியில் இருப்பது வெளுத்து அழுகிவிடும்.

கேள்வி: விதைப்பண்ணை வைத்திருக்கிறோம். கலப்பு வராமல் வண்டியைச் சுத்தம் செய்ய முடியுமா?
– ஆடுதுறை வாசகர்

பதில்: முடியும், அரை நாள் ஆகும். கீழ் ஆகர், மேலேற்றும் ஆகர், இறக்கும் குழாய், திரும்பி வரும் ஆகர் எல்லாவற்றின் மூடியையும் திறந்து, வெற்று வண்டியை முழுக் காற்றில் சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, புளோயரால் மேலிருந்து கீழாக ஊதுங்கள். அதன் பிறகும் முதல் இரண்டு மூட்டை நெல்லை விதைக்கு எடுக்காமல் தனியே வையுங்கள். வாங்கும்போது இந்த மூடிகள் எல்லாம் திறக்கின்றனவா, துருவேறி இறுகிவிட்டனவா என்று பாருங்கள். வெளிமாநிலத்தில் ஓடிவிட்டு வரும் வண்டியை வயலில் இறக்கும் முன்பே இதைச் செய்தால் களைவிதையும் வராது.

கேள்வி: வாங்கியாயிற்று. அறுப்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. என்னென்ன கையிருப்பு வேண்டும்?
– நீடாமங்கலம் வாசகர்

பதில்: கத்தித் துண்டுகள் இருபது, அவற்றுக்கான ரிவெட், விரல் நான்கு. எல்லா வி-பெல்ட்டிலும் ஒவ்வொன்று, எண்ணைப் பழைய பெல்ட்டிலிருந்து எடுக்காமல் பாகங்கள் புத்தகத்திலிருந்து எடுங்கள். முந்தையவர் தவறான நீளம் போட்டிருக்கலாம். செயின் லிங்க், அரை லிங்க் இரண்டிரண்டு. கட்டரை இயக்கும் பகுதியின் பேரிங், டிரம் பேரிங் ஒவ்வொரு செட். டிரம் பல் ஆறு. டீசல், ஆயில், எச்.எஸ்.டி. ஃபில்டர்கள் இரண்டு செட். கிரீஸ் கன், கிரீஸ் ஒரு வாளி. தீயணைப்பான் ஒன்று கட்டாயம். சைலன்சர், டர்போ மேல் படியும் காய்ந்த தூசிதான் தீப்பிடிக்கும், அதை ஒவ்வொரு வேளையும் ஊதித் தள்ளுங்கள்.

ஒயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எல்லா ஆயிலையும் மாற்றி, மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். டேங்குக்கு மேல் இறக்கும் குழாய் தூக்கும்போது எவ்வளவு உயரம் போகிறது என்று அளந்து, உங்கள் வயல்களுக்கு மேல் தாழத் தொங்கும் மின்கம்பிகளை டிரைவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். கம்பியை உயர்த்தித் தரச் சொல்லி மின்வாரியத்தில் மனு கொடுக்கவும் இந்த ஒன்றரை மாதம் போதும்.